அவர் கொடுக்காத வாக்கு

சூசைமேரிக்கு முதலில் கோபம் வந்தது பாஸ்டர் மேல் இல்லை, புருஷன் மேலும் இல்லை. அந்த நீலப் பக்கெட் மேல்.

அதைக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அவள் வேலை செய்யும் பூப்பண்ணையில் ரோஜாக்களை வெட்டியதும் காம்போடு தண்ணீரில் நிறுத்தி வைக்கிற பக்கெட் அது. கைப்பிடி உடைந்துபோனதென்று ஓரமாய்க் கிடந்ததை, ஜெபவீட்டைத் துடைக்க ஆகுமே என்று கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தரை துடைக்க வந்த பக்கெட் கொஞ்ச நாளில் எப்படியோ மேடை ஏறிவிட்டது.

ஜெபவீடு என்றால் பெரிய கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மாநில எல்லையோரத்து ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம், மூடிப்போன ஒரு கம்பெனியின் தகர ஷெட். மழை வந்தால் பிரசங்கம் கேட்காது, வெயில் வந்தால் உட்கார முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நிரம்பிவிடும். ஊத்தங்கரை, பர்கூர் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் கிடக்கிற சனத்துக்கு அங்கேதான் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருந்தார்கள். சூசைமேரியும் அப்படித்தான் அங்கே ஒட்டிக்கொண்டாள்.

சாட்சி என்பது எல்லாச் சபையிலும் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று நாலு பேர் கேட்கச் சொல்வது. பாஸ்டர் கிதியோன் அதை ஒருபடி மேலே கொண்டுபோயிருந்தார். நன்மை நடந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், நடக்கும் முன்னாலேயே நடந்துவிட்டது என்று சொல்வதுதான் முழு விசுவாசம் என்றார். அதற்கு முன்சாட்சி என்று பேர். மைக்கைப் பிடித்து, எனக்குச் சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, இனி தேவைப்படாததை அந்தப் பக்கெட்டில் போட வேண்டும். மூக்குக்கண்ணாடி விழுந்திருந்தது. முட்டிக்கு மாட்டும் பட்டை விழுந்திருந்தது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் விழுந்திருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் சனங்கள் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். சூசைமேரியும் தட்டியிருக்கிறாள். யாரோ ஒருவருடைய கண்ணாடிதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து போனது அவள் புருஷன் அருள்ஜோசப். சட்டைப் பையிலிருந்து ஃபிட்ஸ் மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினான். கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்துவிட்டார் என்று சொன்னான். குரல் உடைந்து அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. அட்டை பக்கெட்டில் விழுந்தது. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த சூசைமேரிக்குக் கை மடியைவிட்டு எழவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்து, தட்டுங்கக்கா என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை தன்னிடம் சொன்னானா, டாக்டரிடம் கேட்டானா என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு தடவைகூட வரவில்லை, அதுவே சுகம்தானே என்றான் அவன். மாத்திரை போட்டதால்தானே வரவில்லை என்று அவள் கேட்டதற்கு, உன் கண்ணுக்கு மாத்திரைதான் தெரியும், கர்த்தர் தெரியமாட்டார் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பயந்த பிள்ளை மாதிரி சொன்னான்:

"மைக்ல சொல்லிட்டேன் மேரி. இனிமே நான் மாத்திரை போட்டா கர்த்தரைப் பொய்யராக்குன மாதிரி ஆயிடும்."

அந்தப் பயத்தைப் பார்த்ததும்தான் அவளுக்கு உள்ளே ஏதோ திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. நோய்க்குப் பயந்தால் மாத்திரை இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கார் உதிரிபாகம் அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஆப்பரேட்டராக இருந்தவன். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, மிஷினை இறக்க வேண்டும். இறங்கினால் இரும்புத்தகடே கிண்ணமாகிவிடும், கை எம்மாத்திரம். ஒருமுறை மிஷின் பக்கத்திலேயே ஃபிட்ஸ் வந்து, நல்லவேளை பின்பக்கமாக விழுந்தான். கம்பெனிக்காரர்கள் அவனை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். வருகிற பீஸை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டேக் கட்டுகிற வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை, ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் பழைய கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? "டேக் கட்றது பூ கட்ற மாதிரி நல்லாத்தான் கீது. அண்ணிகிட்ட கத்துக்கினியாண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு வந்து வீட்டில் சோறு வேண்டாம் என்பான்.

சாட்சி சொன்ன மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்குப் போன கையோடு ஷிஃப்ட் சூப்பர்வைசர் அஜித்குமாரிடம், எனக்குச் சுகமாகிவிட்டது, என்னைப் பிரஸ்ஸுக்கே போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த அஜித்குமார் ஒன்றும் விசாரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நின்றுகொள் என்று சொல்லிவிட்டான். அதை அருள்ஜோசப் பலகாரம் வாங்கி வந்து சொன்னான். சூசைமேரி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. எறும்பு பிரித்தது.

புதன்கிழமை காலையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விறைத்துச் சாய்ந்தான். அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தவள் கையைக் கொடுத்தாள். அவன் தலை கல்லில் படாமல் அவள் கையில் பட்டு, இரண்டு பேருமாக ஈரத்தரையில் விழுந்தார்கள். வீட்டுக்காரம்மா சரசம்மா மாடியிலிருந்து சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "இரும்பும்மா, கைல இரும்பு குடு, நின்னுடும்" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினாள். சாவி வேண்டாம், ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை பிடியுங்கள் என்றாள் சூசைமேரி. ஆஸ்பத்திரி நர்சம்மா முன்பு சொல்லிக்கொடுத்தபடி திருப்பிப் போட்டு, வாயில் நுரையைத் துடைத்து, அடங்குகிறவரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் சரசம்மாவுக்குப் பதில் தெரியாது. எதற்கு மாத்திரையை எறிந்தாய் என்று கேட்டால் இவனுக்கும் தெரியாது. சாவியாவது ஒரு கேடும் செய்யாது என்று நினைத்துக்கொண்டாள்.

கண் விழித்தவனுக்கு ஒன்றும் நினைவில்லை. வந்துச்சா என்று மட்டும் கேட்டான். வந்தது என்றாள். அவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போதாவது மாத்திரை போடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் பாஸ்டருக்குப் போன் போட்டான்.

சாயங்காலம் பாஸ்டர் கிதியோன் வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. சபையில் யாருக்கு என்ன என்றாலும் அந்த ஓட்டை ஸ்கூட்டரில் வந்து நிற்பார். யார் வீட்டிலும் டீ தண்ணிக்கு மேல் எதுவும் தொடமாட்டார். சொல்வதையெல்லாம் மனசார நம்பித்தான் சொல்வார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். நம்பிச் சொல்கிறவரை என்ன செய்வது?

அருள்ஜோசப்பின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு, பாஸ்டர் விளக்கினார். சுகம் வந்துவிட்டது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. அவிசுவாசத்தின் கதவு. சூசைமேரி சிஸ்டர் இன்னும் முழு மனசோடு ஏற்றுக்கொள்ளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரே மைக்கில் எழுந்து, என் புருஷனுக்குச் சுகமாகிவிட்டது என்று முன்சாட்சி சொல்லட்டும். அதோடு இந்த வியாதி இந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காது.

அருள்ஜோசப் அவளைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. ஃபிட்ஸ் வேறு, அவள் வேறு இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. காலையில் கல்லுக்கும் தலைக்கும் நடுவில் கொடுத்த கை வீங்கிப்போய் அவள் மடியில்தான் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

பாஸ்டர் போனபிறகு அவன் கெஞ்சினான். "ஒரே ஒரு வாட்டி சொல்லிடு மேரி. திங்கக்கிழமைக்கு முன்னால. உன்னால கெட்டுப்போச்சுன்னு ஆவ வேணாம்."

அன்றிலிருந்து சூசைமேரி ஜெபம் பண்ணவில்லை. காலையில் எழுந்ததும் முழங்கால் போடுகிறவள், எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது, சின்ன வயசிலிருந்தே. ஆண்டவர் முன்னால் போவதென்றால் முகம் கழுவி, மனசு கழுவிப் போக வேண்டும். கோபத்தோடு போனால் காது கொடுக்கமாட்டார். இப்போது கழுவக் கழுவப் போகிற கோபமா அது? எல்லோரும் சேர்ந்துகொண்டு தன்னைத்தான் வியாதி என்கிறார்கள், ஆண்டவரும் அந்தப் பக்கம்தான் நிற்பார் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பூப்பண்ணையில் ரோஜாக்களை நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது வீங்கின கையில் முள் ஏறியது. கத்தரியை மேஜைமேல் எறிந்தாள். எதிரில் நின்று வேலை செய்த காத்தூன் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் பல வருஷமாக ஒரே மேஜையில் பூப் பிரிக்கிறவர்கள், ஒரே வயசு, ஒரே முட்டிவலி. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள் சூசைமேரி. காத்தூன் இலைகளைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"உங்க பாஸ்டர் ஒண்ணு சொல்றாரு. உன் வூட்டுக்காரர் ஒண்ணு சொல்றாரு. படைச்சவன் இன்னாடி சொன்னான்? அவன்கிட்ட கேட்டியா?"

"கோவமா கீறேன்டி. எப்படிக் கேக்கறது?"

"கோவத்தோட கேளு. அவனுக்குத் தெரியாத கோவமா?"

சூசைமேரி குளிர்அறைக்குப் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே யாரும் இல்லை. வரிசையாக நீலப் பக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் காம்பு நனையத் தண்ணீர், தண்ணீரில் நின்று உயிர் பிடித்துக்கொண்டிருக்கிற பூக்கள். அங்கே நின்றுகொண்டே, முழங்கால் போடாமல், முக்காடு போடாமல் கேட்டாள்.

"நீ சொன்னியா? அந்த மனுஷனை மாத்திரையை வுடுன்னு நீ சொன்னியா? மிஷின்ல கையை வை, நான் பாத்துக்கறேன்னு எப்பவாவது சொன்னியா? சொல்லியிருந்தா என் காதுல சொல்லு. சொல்லலன்னா எதுக்குச் சும்மா இருக்கற?"

ஒரு குரலும் கேட்கவில்லை. குளிர் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் இடியும் விழவில்லை, பூமியும் பிளக்கவில்லை. இவ்வளவு மரியாதையில்லாமல் கேட்டதற்குப் பிறகும் யாரோ எழுந்து போய்விடாமல் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அழுதாள், நன்றாக அழுதாள். மூக்கைத் துடைக்கும்போதுதான் அது புத்தியில் பட்டது. இத்தனை நாளும் பேசினவர்கள் எல்லாம் மனுஷர்கள். வாக்குக் கொடுத்ததும் மனுஷர்கள், தேதி போட்டதும் மனுஷர்கள், கதவு சாத்தியிருக்கிறது என்று சொன்னதும் மனுஷர்கள். அவர் வாயே திறக்கவில்லை. திறக்காத வாயின் பேரில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

கோபம் குறையவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, பாட்டெல்லாம் முடிந்து பாஸ்டர் அவள் பேரைச் சொன்னதும் எழுந்து போனாள். அருள்ஜோசப் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் கண்ணை மூடி, கைகளை விரித்து, வருகிறதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். மைக்கைப் பிடித்தாள்.

"புதன்கிழமை காலைல என் வூட்டுக்காரருக்கு ஃபிட்ஸ் வந்துச்சு" என்றாள்.

அருள்ஜோசப் கண்ணைத் திறந்தான்.

"தொவைக்கிற கல்லுகிட்ட வுழுந்தாரு. தலை கல்லுல படாம கர்த்தர் என்னைக் கொண்டாந்து அங்க நிறுத்தினாரு. இதான் கை." வீங்கின கையைத் தூக்கிக் காட்டினாள். "நடந்ததைச் சொல்றதுதான் சாட்சின்னா, இதான் என் சாட்சி. நடக்காததைச் சொல்ல எனக்கு வாய் வரல."

பாஸ்டர் பக்கத்தில் வந்து, மைக்குக்கு எட்டாமல் மெதுவாக, சிஸ்டர், கர்த்தர் சுகம் கொடுப்பார் என்கிற விசுவாசம் இல்லாமல் இப்படிப் பேசக்கூடாது என்றார். அவள் மைக்கை விடவில்லை.

"கொடுக்க முடியும்னு நம்பறேன் பாஸ்டர். இன்னிக்கே முடியும். ஆனா கொடுத்துட்டேன்னு அவர் சொல்லல. நாமளே அவர் பேர்ல வாக்கு குடுத்துட்டு, நாமளே நாள் குறிச்சுட்டு, அது நடக்கலன்னா வூட்டுல ஒருத்தி மேல பழி போட்டா, அது அவரை நம்பறது இல்ல. அவரைப் புடிச்சு கட்டி வெக்கறது."

பின்னாலிருந்து ஒரு குரல், இது சாத்தானின் பேச்சு என்றது. யாரோ சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லி அவளை அமுக்கப் பார்த்தார்கள். சூசைமேரி அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் பார்த்தது ஒரே ஒரு முகத்தை.

"ஏங்க. பீஸ் மிஷின்லருந்து வரதுக்கு முன்னால நீ பச்சை டேக் கட்டுவியா?"

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை அவள் நீ என்று சொன்னதில்லை. சொன்னது அவளுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. விரித்திருந்த கைகள் இறங்கின.

மைக்கை வைத்துவிட்டு, பக்கெட்டுக்குள் கையை விட்டாள். கண்ணாடிகளையும் பட்டைகளையும் ஒதுக்கி, அவனுடைய மாத்திரை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பாஸ்டர் தடுக்கவில்லை. அவர் பார்வை அந்த வீங்கின கையிலேயே நின்றுவிட்டது. அவள் வாசலுக்கு நடக்கும்போது, பின்வரிசைப் பெரியவர் ஒருவர் தடவித் தடவி மேடைப் பக்கம் போய், பக்கெட்டில் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் கை தட்டவில்லை.

வெளியே, அவளுக்கு முன்னாலேயே எழுந்து வந்து, பைக் பக்கத்தில் அருள்ஜோசப் நின்றிருந்தான். இத்தனை பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்திவிட்டாய் என்றான். ஆமாம் என்றாள். இனி எந்த முகத்தோடு இங்கே வருவது என்றான். இருக்கிற முகத்தோடு வாங்க என்றாள். மாத்திரை விட்ட உடம்போடு ஓட்டக்கூடாதென்று பைக் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, தள்ளுங்கள் என்றாள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற சர்வீஸ் ரோட்டில், வெயிலில், அவன் பைக்கைத் தள்ள அவள் பின்னால் நடந்தாள். பாதி வழியில் அவன் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"மாத்திரை போட்டும் வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும். அப்பவும் நான் புடிப்பேன். அவரும் இருப்பாரு."

"அப்புறம் எதுக்கு நம்பறது?"

"அதுக்குத்தாங்க. இல்லன்னா எதுக்கு?"

வீட்டில் சோறு போட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வது எப்போதும் அவன்தான். தட்டின் ஓரத்தில், சோற்றுக்குப் பக்கத்தில், ஒரு மாத்திரையைப் பிரித்து வைத்தாள். இத்தனை வருஷமாக அவன் அதை யாருக்கும் தெரியாமல், ஏதோ திருடித் தின்பதுபோல அடுப்பங்கரை மூலையில் நின்று விழுங்கிக்கொண்டிருந்தவன். அதைப் பார்த்தான். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"இதுக்கும் சேத்து சொல்லுங்க" என்றாள். "சோத்துக்கு ஸ்தோத்திரம் சொல்றோம். சோறு வானத்துலருந்து நேரா தட்டுல வுழுதா? யாரோ நட்டாங்க, யாரோ அறுத்தாங்க. அதுல அவர் கை இருக்குதுன்னா இதுல ஏன் இருக்காது?"

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடாமலேயே, தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குப் பயமா கீது" என்றான். அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீரைக் கடகடவென்று குடித்து, டம்ளரைத் தரையில் டங்கென்று வைத்தான்.

சோற்றில் கை வைக்கவில்லை. போனை எடுத்தான்.

"அஜித்து, நாந்தான். நாளைக்குப் பிரஸ்ஸுக்கு என் பேரைப் போடாத. இன்ஸ்பெக்‌ஷன்லயே இருக்கறேன்… இல்லப்பா, சுகமாவல. நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். புதன்கிழமை திரும்ப வந்துச்சு… ஆங், மாத்திரை போட்டுக்கினேன். இப்பத்தான்."

அந்தப் பக்கம் அஜித்குமார் என்னென்னவோ கத்திக்கொண்டிருந்தான். அருள்ஜோசப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சூசைமேரி ரசத்தைச் சூடு பண்ண எழுந்தாள். பாஸ்டர் மேல், கம்பெனி மேல், இந்தப் புருஷன் மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீர நாளாகும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அந்தக் கோபத்தோடேயே, நின்றபடிக்கே, மறுபடியும் ஆண்டவரோடு பேச ஆரம்பித்தாள்.